காவல் நிலையத்தின் மேல் புகார்: எந்தக் கதவைத் தட்டுவது, அந்தக் கதவைச் சட்டமன்றம் எப்படிச் செய்து வைத்திருக்கிறது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தேவகோட்டையில் கோர்ட்டுப் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். வாடகை ஒப்பந்தம், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று பொழுது போகும். நடுவில் ஒருவர் வந்து, மற்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நிற்பார். நிற்கிற விதத்திலேயே ஸ்டேஷன் விஷயம் என்று தெரிந்துவிடும். அப்படி வருகிறவர்கள் கேட்கிற கேள்விகளையும், வெளியூரிலிருந்து போனில் கேட்கிற கேள்விகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் பார்த்துச் சரியாக எழுத முயன்றிருக்கிறேன். எங்கே சொந்த அபிப்பிராயம் வருகிறதோ, அங்கே அப்படியென்று தெரியும்படி சொல்கிறேன்.

போலீஸ் அடித்துவிட்டது, அல்லது காரணமில்லாமல் உட்கார வைத்தது. எங்கே புகார் கொடுப்பது?

முதலில் எல்லோரும் நினைப்பது எஸ்.பி. அலுவலகம். சிவகங்கைக்கு பஸ் ஏறினால் மனு கொடுத்துவிட்டு வரலாம், தப்பில்லை. ஆனால் அந்த மனு கடைசியில் விசாரணைக்கு என்று சுற்றி உங்கள் ஊர்ப் பக்கமே திரும்பி வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டரின் குறைதீர் கூட்டத்துக்கும் இதே கதைதான்.

காவல்துறைக்கு வெளியே இருக்கிற கதவு, சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையம். 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1997 ஏப்ரலில் அமைக்கப்பட்டது. அடுத்தது காவல்துறை புகார் ஆணையம். பெயர் அப்படி இருந்தாலும் இது எவ்வளவு தூரம் வெளியே என்பது பெரிய கேள்வி, கீழே விரிவாக வருகிறது. மூன்றாவது கோர்ட்: மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார், அல்லது அதே 1993 சட்டத்தின் 30ஆவது பிரிவில் சொல்லப்பட்ட மனித உரிமை நீதிமன்றம், அல்லது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டமும் 2004இலிருந்து மதுரைக் கிளையின் கீழ்தான். அதனால் செட்டிநாட்டில் எந்த ஊராக இருந்தாலும் இதற்குச் சென்னை போக வேண்டியதில்லை.

மனித உரிமை ஆணையத்துக்கு வக்கீல் வேண்டுமா? எவ்வளவு கட்டணம்? பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை போய்த்தான் கொடுக்க வேண்டுமா?

வக்கீல் வேண்டாம். கட்டணம் இல்லை. தமிழில் எழுதலாம், தபாலில் அனுப்பலாம். பாதிக்கப்பட்டவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் இல்லை. அவருக்காக மனைவியோ, தம்பியோ, பக்கத்து வீட்டுக்காரரோ கொடுக்கலாம். மொட்டைக் கடிதாசி மட்டும் செல்லாது. விசாரணைக்கு எடுத்தால் சம்மன் வரும், அப்போது போக வேண்டியிருக்கும். மதுரை போன்ற ஊர்களில் முகாம் அமர்வு நடத்துவதும் உண்டு.

தபாலைப் பற்றி ஒரு சின்ன விஷயம். பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நான் மனுவின் நகலிலேயே ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்துவிடுவேன்.

ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் 36(2) பிரிவு: சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஒரு வருடம் கழிந்துவிட்டால் ஆணையம் விசாரிக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒருவருடைய விஷயத்தைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பங்காளிகள் ஏழெட்டுப் பேருக்குப் பாத்தியம், எல்லோரும் சென்னையிலும் மலேசியாவிலும். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவர் இடுப்பில் சாவிக்கொத்து. ஒரு முறை இரட்டைவீட்டு அறையில் இருந்த பித்தளை அண்டாக்களும் இரண்டு குத்துவிளக்கும் காணவில்லை என்று ஒரு பங்காளி புகார் கொடுத்தார். கதவில் பூட்டு உடையவில்லை. அப்படியென்றால் போலீஸ் முதலில் யாரைக் கூப்பிடும்? சாவி வைத்திருப்பவரைத்தான்.

சாயங்காலம் கூப்பிட்டார்கள், மறுநாள் மத்தியானம் விட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லை, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. பாதம் இரண்டும் வீங்கி, ஒரு வாரம் செருப்புப் போட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவர், மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து விஷயம் தெரிந்தது. இன்னொரு பங்காளி, குடும்பப் படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, வேண்டும் என்று தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்து, அண்டாவையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை, அவருடைய வீடுதானே.

"சரி விடுங்கண்ணே, முடிஞ்சுபோச்சு" என்று ஏட்டய்யா சொன்னாராம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஸ்டேஷன், கேஸ் என்று பேச்சு வந்தால் வரன் தட்டிப்போகும் என்று இவரும் விட்டுவிட்டார். கல்யாணம் முடிந்து, மனசு ஆறாமல் என் கடைக்கு வந்தபோது பதினாலு மாதம் ஆகியிருந்தது. எழுதிக் கொடுத்தேன். காலக்கெடு தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. ஆணையத்தைக் குறை சொல்ல முடியாது, சட்டம் அப்படி. ஆனால் அடி வாங்கினவனுக்குப் பயம் தெளியவே ஒரு வருடம் ஆகும் என்பது அந்தப் பிரிவை எழுதினவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஸ்டேஷனில் கேமரா இருக்கிறதே, அது சாட்சி சொல்லாதா?

சொல்லும், அழியாமல் இருந்தால். 2020 டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், நடைவழி, வரவேற்பு இடம் என்று ஒரு மூலையும் விடாமல், ஒலியும் பதிவாகும்படி கேமரா வைக்கச் சொன்னது. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு வசதி இல்லையென்றால் முடிந்த மட்டும் அதிக காலம், குறைந்தது ஒரு வருடம். பலத்த காயம் அல்லது மரணம் என்று புகார் வந்தால் மனித உரிமை ஆணையமே பதிவை உடனே வரவழைக்கலாம். இங்கே கேமரா இருக்கிறது, நீங்கள் இன்னின்ன இடத்தில் புகார் கொடுக்கலாம், பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று ஸ்டேஷன் வாசலில் எழுதி ஒட்டவும் சொன்னது.

அதனால் மனுவின் முதல் பக்கத்திலேயே, எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று போட்டு, பதிவை அழிக்காமல் வைக்க உத்தரவிடும்படி கேளுங்கள். வாரக் கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

ஆணையம் பரிந்துரைதானே செய்யும்? அரசு கேட்காவிட்டால்?

ரொம்ப வருடம் இதுதான் நிலைமை. 18ஆவது பிரிவில் இருக்கிற சொல் 'பரிந்துரை'. நஷ்ட ஈடு கொடு, அதிகாரி மேல் வழக்குப் போடு என்று ஆணையம் சொல்லும். அரசு ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். பதில்தான் அனுப்ப வேண்டுமே தவிர, செய்தாக வேண்டுமா என்பதில் வாதம் நடந்துகொண்டே இருந்தது.

2021 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு இதற்கு ஒரு முடிவு சொன்னது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும். பிடிக்கவில்லையென்றால் கோர்ட்டுக்குப் போய்ச் சவால் செய்யலாம், கிடப்பில் போட முடியாது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது பெரிய பலம். ஆனால் பாருங்கள், இது தீர்ப்பில்தான் இருக்கிறது. சட்டத்தைத் திறந்தால் இன்னும் பழைய சொல்லேதான்.

ஆணையத்தில் யார் உட்காருகிறார்கள்? சட்டம் மாறியிருக்கிறது என்றார்களே?

இரண்டு முறை கணிசமாக மாறியது. 2006 திருத்தத்தில் மாநில ஆணையத்தின் உறுப்பினர்கள் நான்கு பேர் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. அதே திருத்தத்தில் ஒரு நல்லதும் வந்தது: சிறைக்குப் போய்ப் பார்க்க மாநில அரசுக்கு முன்கூட்டித் தகவல் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை போனது.

2019 திருத்தம் தலைவர் பதவியைத் தொட்டது. அதுவரை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர்தான் தலைவராகலாம். இப்போது சாதாரண நீதிபதியாக இருந்தவரும் ஆகலாம். பதவிக் காலம் 5 வருடத்திலிருந்து 3 வருடமானது, அல்லது 70 வயது வரை, எது முன்னால் வருகிறதோ அது. மறுபடியும் நியமிக்கலாம்.

முதல் மாற்றம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆள் கிடைக்காமல் நாற்காலி காலியாகக் கிடப்பதைவிட அது மேல். இரண்டாவதுதான் உறுத்துகிறது. மூன்றே வருடம், மறுநியமனம் அரசின் கையில் என்றால், அரசுக்கு எதிராக உத்தரவு எழுதுகிற பேனா கொஞ்சம் தயங்காதா? நியமனக் குழுவில் முதலமைச்சர், சபாநாயகர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். நம் மாநிலத்தில் உள்துறை பெரும்பாலும் முதலமைச்சரிடமே இருக்கும் என்பதால் நாலு நாற்காலி எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆணையத்துக்கு நேரில் போய் விசாரிக்கத் தனிப் பிரிவு உண்டு. அதில் இருப்பவர்களும் அரசு கொடுக்கிற காவல்துறை அதிகாரிகளே. 27ஆவது பிரிவு அப்படி.

காவல்துறை புகார் ஆணையம் என்று ஒன்று மாவட்டத்திலேயே இருக்கிறதாமே? அங்கே கொடுத்தால் சென்னை போக வேண்டாமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன்.

2006 செப்டம்பர் 22ஆம் தேதி, பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காவல்துறைச் சீர்திருத்தத்துக்கு ஏழு கட்டளைகள் போட்டது. பிரகாஷ் சிங் ஓய்வு பெற்ற டி.ஜி.பி.; போலீஸ்காரர் ஒருவரே போட்ட வழக்கு. அதில் ஒரு கட்டளை, மாநிலத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று புகார் ஆணையம் வேண்டும் என்பது. மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. டி.எஸ்.பி. வரைக்கும் உள்ளவர்கள் மேல் புகார் மாவட்டத்தில், எஸ்.பி.யும் அதற்கு மேலும் என்றால் மாநிலத்தில். ஆணையம் சொன்னால் அது கட்டுப்படுத்தும். நல்ல ஏற்பாடு, இல்லையா?

ஏழு வருடம் கழித்து, 2013இல், தமிழ்நாடு காவல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதில் புகார் ஆணையமும் இருக்கிறது. யார் தலைவர் என்று பாருங்கள். மாநிலத்தில் உள்துறைச் செயலாளர் தலைவர்; டி.ஜி.பி.யும் சட்டம் ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். நீதிபதி என்று ஒருவர்கூட இல்லை. அரசாணை போட்டு அமைத்ததே 2019 நவம்பரில்தான்.

ஒரு பள்ளத்தூர் ஆச்சி, தன் வீட்டு டிரைவருக்காக மனு எழுத வந்தவர், இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எஸ்.பி. ஆபீசுல கொடுத்த மனுவ எஸ்.பி.கிட்டயே மறுபடி கொடுக்கச் சொல்றியாப்பா?" என்றார். நான் சுற்றி வளைத்து விளக்கிக்கொண்டிருந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பக்கத்துக் கேரளத்தில் 2011 காவல் சட்டத்தின்படி மாநில ஆணையத்துக்கு ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைவர். மாவட்டத்திலும் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. அங்கேயும் கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கிறார்கள், ஆனால் உறுப்பினர்களாக. முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

மாவட்ட ஆணையத்தில் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கலெக்டர் நல்லவராக இருந்தால் நடக்கும். அது கலெக்டரைப் பொறுத்தது.

எங்கள் டாலஸ் மகன் சொல்கிறான், அமெரிக்காவில் இப்படி ஆணையங்களுக்கு ஆயுள் போட்டுவிடுவார்களாம், சட்டமன்றம் புதுப்பித்தால்தான் உயிராம். அப்படியா?

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர் போனில் கேட்டது. அவர் மகன் சொன்னது சரி. டெக்சாஸ் மாநிலத்தில் 1977இலிருந்து இந்த முறை இருக்கிறது. பெரும்பாலான அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலேயே ஒரு முடிவு தேதி உண்டு, வழக்கமாக 12 வருடம். அந்தத் தேதிக்கு முன்னால், சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்து பத்துப் பேர், பொதுமக்கள் தரப்பில் இரண்டு பேர் என்று பன்னிரண்டு பேர் குழு அந்த அமைப்பை ஆராயும். இது தேவையா, என்ன செய்தது, எங்கே ஓட்டை என்று அறிக்கை கொடுக்கும். சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு நீட்டிக்காவிட்டால் அமைப்பு மூடப்படும்.

போலீஸ்காரர்களுக்கு உரிமம் கொடுக்கிற அவர்களுடைய சட்ட அமலாக்க ஆணையமும் இதில் மாட்டியது. மறுஆய்வு செய்தவர்கள், மாநிலத்தில் காவல்துறை மீதான கட்டுப்பாடு மொத்தத்தில் பல்லில்லாதது என்றே எழுதினார்கள். 2021இல் சீர்திருத்த மசோதா நிறைவேறவில்லை. 2023இல் நிறைவேறியது. ஆணையம் நீட்டிக்கப்பட்டது, காவல் அமைப்புகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் பொறுப்பும் அதற்கு வந்தது.

நம் ஊரில் ஆணையங்களுக்கு இப்படி முடிவு தேதி கிடையாது. முடிவு தேதி போட்ட சட்டம் நம்மிடமும் இருந்தது, அது தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். 1987இல் இரண்டு வருட ஆயுளோடு வந்து, திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 1995இல் நீட்டிக்காததால் காலாவதியானது. பிடிக்கிற சட்டத்துக்கு ஆயுள் வைத்தார்கள்; பிடித்தவர்களைக் கண்காணிக்கிற அமைப்புக்கு வைக்கவில்லை.

அப்படி முடிவு தேதி வைத்தால் இங்கே நல்லதா?

எனக்கு அதில் பயம்தான். அங்கே தேதி வந்தால் விவாதம் வரும். இங்கே தேதி வந்தால் சத்தமில்லாமல் மூடிவிட்டுப் போய்விட்டால்? ஆணையத்தைக் கண்டு சங்கடப்படுகிறவர்களே அதைப் புதுப்பிக்க வேண்டியவர்கள். மூடும் தேதி வேண்டாம், ஆராயும் தேதி வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சட்டமன்றக் குழு கட்டாயம் ஆராய வேண்டும் என்று ஒரு பிரிவு போட்டால் போதும்.

இப்போதும் ஒரு வழி இருக்கிறது. 28ஆவது பிரிவின்படி மனித உரிமை ஆணையத்தின் ஆண்டறிக்கையையும், அதன் மேல் அரசு எடுத்த நடவடிக்கையையும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஒரு பரிந்துரையை ஏற்கவில்லையென்றால் ஏன் என்றும் சொல்ல வேண்டும். மேசையில் வைப்பதோடு நின்றுவிடாமல் ஒரு நாள் விவாதிக்கலாம், தடை ஒன்றும் இல்லை.

சட்டத்தை மாற்றுவது யார் கையில்? நம் எம்.எல்.ஏ.விடம் கேட்கலாமா?

எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு வருடக் கெடு, தலைவரின் பதவிக் காலம் இரண்டும் 1993 மத்தியச் சட்டத்தில் இருப்பவை. அது நாடாளுமன்றத்தின் வேலை, எம்.பி.யைக் கேளுங்கள். புகார் ஆணையம் 2013ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பது. கலெக்டரை எடுத்துவிட்டு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதியைத் தலைவராக்க, சென்னையில் சட்டமன்றம் ஒரு திருத்தம் போட்டால் போதும். டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை.

சிவகங்கை மாவட்டத்துக்கு நான்கு தொகுதி: காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை. காவல்துறை மானியக் கோரிக்கை விவாதம் வரும்போது இதை எழுப்பச் சொல்லலாம். சட்டமன்றத்துக்கு மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு, மாவட்டங்களுக்கு வரும். ரோடு, பாலம், சமுதாயக்கூடம் பற்றித்தான் அங்கே மனு குவிகிறது. சட்டத் திருத்தம் கேட்டு எழுதித் தரச் சொல்லி இதுவரை என் கடைக்கு யாரும் வந்ததில்லை.

மடப்புரம் சம்பவத்துக்குப் பிறகு ஏதாவது மாறியதா?

2025 ஜூனில், நம் மாவட்டத்திலேயே, திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில், நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கூட்டிப்போன கோயில் காவலாளி இறந்தார். காவலர்கள் கைதானார்கள். மதுரைக் கிளை உத்தரவின்படி மாவட்ட நீதிபதி ஒருவர் விசாரித்தார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. அங்கே வேலை செய்தது கோர்ட். 2013 சட்டத்தின் புகார் ஆணையத்தைப் பற்றி அந்த நாட்களில் எங்கள் கடைப்பக்கம் யாரும் பேசியதாக ஞாபகம் இல்லை.

விசாரணைக்கு வா என்று கூப்பிட்டால் போகத்தான் வேண்டுமா?

சாட்சியாகக் கூப்பிடுவதென்றால் எழுத்தில் சம்மன் கேட்கலாம். பெண்கள், 15 வயதுக்குள் இருப்பவர்கள், 60 வயது தாண்டியவர்கள், உடல் ஊனமோ கடும் நோயோ உள்ளவர்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு இது. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

கோபத்தை எழுதாதீர்கள். தேதி, நேரம், ஸ்டேஷன், யார் கூட்டிப்போனது, சட்டையில் பெயர்ப்பட்டை இருந்ததா, அப்போது அங்கே வேறு யார் இருந்தார்கள். காயம் எங்கே, எந்த ஆஸ்பத்திரியில் காட்டியது, ஓ.பி. சீட்டு இருக்கிறதா. டாக்டரிடம் விழுந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொன்னால் அவர் பதிவேட்டில் எழுதுவார், நாளைக்கு அது பேசும். காயத்தைப் போட்டோ எடுத்து அன்றைக்கே யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் அதிலேயே நிற்கும். வேறு கோர்ட்டில் இதே விஷயம் நடக்கிறதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், நடந்தால் பெரும்பாலும் ஆணையம் எடுக்காது.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் இப்போது எங்கே?

அதே வீட்டில்தான். வேறு எங்கே போவார்? மாதம் முதல் ஞாயிறு, இரட்டைவீட்டு அறைகளைத் திறந்து ஒவ்வொரு அண்டாவாக, விளக்காகப் போட்டோ எடுத்துப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மாற்றுச் சாவி வைத்திருப்பவர் யாராவது வந்து ஒரு சாமானை எடுத்தால், ஒரு நோட்டில் கையெழுத்து. நோட்டு என் கடையில் வாங்கியது, நாற்பது பக்கம். பாதி தீர்ந்துவிட்டது.